மூன்று தரம் பிழைத்தவன்

ஒலுவிலிலிருந்து லாபிர் நானா எடுத்தார்,
இரவு ஒன்றே கால்.
"தங்கச்சி, உங்கட நோட் விடியவிடிய இருமுது.
என்னெண்டு ஒருக்காப் பாருங்க."

கல்லடியில் மொட்டைமாடித் தகரக் கொட்டில்.
மழை விட்டும் விடாமலும்.
ரேடியோவின் முதுகில் கை வைத்தேன்,
முட்டை பொரிக்கலாம்.
அனுப்புகிறேன் என்னும் சிவப்பு விளக்கு
அணைந்தால்தானே.

புயல் வந்து போன் கோபுரமெல்லாம் படுத்தாலும்
பொத்துவிலிலிருந்து வாகரை வரை
தண்ணி எத்தனை அடி, வள்ளம் எத்தனை, பால்மா எத்தனை என்று
எழுத்தெழுத்தாகக் கடத்துவதற்கு
ஐந்து பேர் சேர்ந்து கட்டிய வலை இது.
அதன் ஒரு முனையை இன்டர்நெட்டில் முடிந்துவைத்தது நான்.
இருபத்துமூன்றாம் வாசல். பூட்டில்லை.
அழைப்புக்குறி சொன்னால் உள்ளே வரலாம்,
இரு, என்ன குடிக்கிறாய் என்பது மாதிரி.

பதிவேட்டைத் திறந்தேன்.
ரூட். அட்மின். ரூட். கெஸ்ட்.
ஒன்று இரண்டு மூன்று நான்கு.
அட்மின். அட்மின்.
மூன்று செக்கனுக்கு ஒருவன்.
ஒருவன்கூட இல்லை, ஒன்று:
யாரோ வீட்டு வாசலில் புத்தி பேதலித்த ஒரு கமரா,
எங்கோ ஒரு கடையில் தானாக விழித்திருக்கும் ரௌட்டர்,
கல்லடி எந்தப் பக்கம் என்று தெரியாமலே
கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிறது.
அத்தனை தட்டலையும்
என் அன்டெனா பயபக்தியோடு
வாவிக்கு மேலே வாசித்துக்கொண்டிருந்தது.

கடவுச்சொல் போட்டேன்.
மூன்று தரம் பிழைத்தால் ஒரு நாள் வெளியே.
போதவில்லை. ஒரு கிழமை.
பிறகு முகவரி முகவரியாக,
பிறகு தெருவோடு, ஊரோடு,
நாலு மணிக்கு ஒரு நாட்டையே.
மறுக்கிறேன் என்றுகூடச் சொல்லாதே,
கீழே போட்டுவிடு என்று ஒரு கட்டளை இருக்கிறது.
தட்டியவனுக்கு
அங்கே கதவு இருந்ததே தெரியாது.
அது எனக்குப் பிடித்திருந்தது.
ரேடியோ ஆறியது. லாபிர் நானா படுக்கப் போனார்.

வியாழன். வெள்ளி. சனி.
கட்டாரிலிருந்து தினம் ஆறரைக்கு வரும்
ஒற்றை வரி வரவில்லை.

நிமலகாந்தன்.
எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை போக
தொட்டிலில் கிடந்து பிழைத்தவன்.
தொண்ணூறில் எப்படி என்று சொன்னதில்லை.
நாவலடியில் தென்னைமரம்.

ஞாயிறு, தடுத்தவர்களின் பட்டியலில் இருந்தான்.
எண்ணூறு பேர் ஒரே முகவரியில் படுக்கும் முகாம்.
புதிய கடவுச்சொல்லை
அவனுக்கு நான் சொல்லவே இல்லை.
ஊகித்துப் பார்த்திருக்கிறான்:
நாவலடி.
கல்லடி.
என் பெயர்.

பாலத்துச் சோதனைச்சாவடியில் ஒரு கொப்பி இருந்தது.
அதில் அப்பாவின் பெயர் மாதிரி ஒரு பெயர்.
பஸ் போனது. இரண்டாவது பஸ்ஸும் போனது.
என் சப்பாத்துக்குள் மணல்.
ஏன் என்று யாரும் சொல்லவில்லை,
இல்லை என்றுகூட.

அந்த முகாமுக்கு ஒரு ஓட்டை விட்டேன்.
"ஒராளுக்குத் திறந்தா திறந்ததுதான் தங்கச்சி."
நானா சொல்வதும் சரி.
அதற்காக மூடவில்லை.
வாசலின் எண்ணை மாற்றினேன்,
இரண்டே நாளில் கண்டுபிடித்து வந்துவிட்டார்கள்,
ரூட், அட்மின்,
வாசலிலேயே விழுகிறார்கள், எண்ணுவதை விட்டுவிட்டேன்.

செவ்வாய் ஆறரை.
ஸ்பீக்கரில் சின்னதாய் ஒரு கிறீச்சல்.
திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ்:
கடல் எப்படி.

மதிலால் எட்டிப் பார்த்தேன்.
கலங்கல், என்று அடித்தேன்.
வாடைக் காத்து. ஒரு வள்ளமும் போகல்ல.
உன்ர சொல் இதுதான், எழுதி வை என்று தொடங்கி
விரலை எடுத்தேன்.
வானத்தில் போவதை
ஒலுவில் வரை எல்லாரும் வாசிப்பார்கள்.
போனில் சொல்கிறேன், என்று அனுப்பினேன்.